தவக்காலத்தில் மட்டும் நல்லபிள்ளையாக இருந்த வயிறு

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பிந்தி வரலாம், பூசை வைக்கிற பாதர் பிந்தி வரலாம், சமையல்காரர்கூடப் பிந்தி வரலாம். தாலி கட்டும் நேரத்துக்குப் பிந்தக் கூடாத ஒரே ஆள் போட்டோக்காரன். அப்படிப்பட்ட தொழிலுக்கு வந்து சேர்ந்த எனக்குத்தான் கடவுள் பார்த்து இப்படி ஒரு வயிற்றைக் கொடுத்தார்.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் என் ஸ்டூடியோ. படம் நான் எடுப்பேன், வீடியோ என் கூட்டாளி நௌசாத் எடுப்பான். லுணுகலை, பசறை, அப்புத்தளை, ஹல்துமுல்லை என்று எந்தப் பக்கம் கோயில் கல்யாணம் நடந்தாலும் எங்கள் இரண்டு பேரையும் அங்கே பார்க்கலாம். சில வருடங்களுக்கு முன்னால் பித்தப்பையில் கல் என்று சொல்லி என் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியது, வலி போனது, நானும் மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு சில மாதங்களில் இன்னொன்று தொடங்கியது. சாப்பிட்டுக் கை கழுவிக் கொஞ்ச நேரம்தான், வயிறு கலக்கும், தண்ணீராகப் போகும். வந்தால் உடனே போக வேண்டும். தவணை கேட்கிற பேச்சே கிடையாது.

இதை வாசிக்கிறவர்களில், பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் கக்கூஸ் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள் யாராவது இருந்தால், இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்குப் பழகிவிட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கே சிரிப்பு வரவில்லை. என் தங்கை ஸ்டெல்லாவுக்கு ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணம் என்று பேசி முடித்தோம். எங்களுக்கு அப்பா இல்லை. கோயில் வாசலிலிருந்து பீடம் வரை அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் நான்.

போட்டோக்காரருக்கு முதல் சாப்பாடு

தேயிலைத் தோட்டப் பக்கத்தில் கல்யாணப் படம் எடுக்கப் போகிறவனை யாரும் பட்டினியாக விட மாட்டார்கள். வயிறு வாடினவன் எடுக்கிற படமும் வாடித்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பெண்ணுக்குத் தலை சீவுவதற்கு முன்னாலேயே நம்மை உட்காரவைத்துப் பரிமாறிவிடுவார்கள். லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெண்ணின் அத்தை நெய்ச்சோறும் கோழிப் பொரியலும் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்றேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, சாப்பிட்டுவிட்டேன். பெண்ணுக்குச் சேலை கட்டி முடிக்கவில்லை, என் வயிறு ஆரம்பித்துவிட்டது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கக்கூஸ்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பூட்டு. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று, சாவி அந்தந்த வீட்டு அம்மாவின் இடுப்பில். அம்மாக்கள் அத்தனை பேரும் பெண்ணைச் சுற்றி நின்றார்கள். வேறு வழியில்லாமல் பெண்ணை ஜோடித்துக்கொண்டிருந்த காம்பரா அறைக்குள், அத்தனை பெண்களுக்கும் நடுவில் போய் நின்று, தரையைப் பார்த்தபடி சாவி கேட்டேன். பூ வைத்துக்கொண்டிருந்த பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். அத்தை இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றித் தந்துவிட்டு, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “போட்டோக்காரத் தம்பிக்கு வெளிக்கிப் போகணுமாம், யாரும் குறுக்க நிக்காதீங்க!”

இரண்டு தரம் தாலி கட்டிய மாப்பிள்ளை

ஹல்துமுல்லைப் பக்கத்துக் கோயில் ஒன்றில்தான் அது நடந்தது. பாதர் தாலியை மந்திரித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அந்த நொடியில் நான் கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கக் கதவால் ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டி முடித்து உட்கார்ந்திருந்தார்கள். நௌசாத் வீடியோவில் எடுத்திருந்தான். ஆனால் ஆல்பத்தில் ஒட்டுவதற்குத் தாலி கட்டும் படம் இல்லை.

பூசை முடிந்ததும் அவர்களிடம் கெஞ்சி மறுபடி நிற்கவைத்தேன். கட்டின தாலியை அவிழ்க்கக் கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அதனால் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி எடுத்தோம். பீடத்தில் மெழுகுதிரிகளை அணைத்தாயிற்று. பின்வரிசையில் பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் போயாயிற்று. அந்தப் பெண் தன் ஆயுள் முழுக்க அந்தப் படத்தைப் பார்ப்பாள், பார்க்கும்போதெல்லாம் அது நடிப்பு என்று அவளுக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. மாப்பிள்ளையின் மாமா மட்டும் கோபப்படாமல் என் தோளைத் தட்டினார்: “நாங்கெல்லாம் ஒருதரம் கட்டிட்டே முழிச்சுக்கிட்டு இருக்கோம், எங்க மருமகன உங்க புண்ணியத்துல ரெண்டு தரம் கட்ட வச்சிட்டீங்களே தம்பி!”

பின்பக்க வெளிச்சம்

நல்ல போட்டோக்காரன் கல்யாணத்துக்கு முந்தின நாளே இடத்தைப் போய்ப் பார்ப்பான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே நிற்கலாம் என்று குறித்துக்கொள்வான். நானும் போவேன். நான் பார்க்கிறது வேறு. பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும், குழாயில் தண்ணீர் வருமா, கக்கூஸ் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கு மூச்சே வரும். பசறையில் ஒரு மண்டபத்தில் நான் இப்படிப் பின்பக்கமே சுற்றிக்கொண்டிருந்ததைப் பெண்ணின் அப்பா கவனித்துவிட்டார். என்ன விஷயம் என்று அவர் கேட்க, நௌசாத் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, “அவருக்குப் பின்பக்க வெளிச்சம் ரொம்பப் புடிச்சுப் போச்சு” என்று சொல்லி வைத்தான்.

மறுநாள் போய்ப் பார்த்தால், கக்கூஸ் சுவரை மறைத்து வெள்ளையும் ரோஸுமாகத் துணி கட்டி, பூத்தோரணம் தொங்கவிட்டு, நடுவில் மணமக்களுக்கு ஒரு சோபாவும் போட்டிருந்தார்கள். கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் படமெடுக்க வரிசையில் நின்றார்கள். நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த நாளை ஓட்டினேன். பெண்ணின் அப்பா பெருமையோடு என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: “உங்களுக்கு இந்தப் பக்கம்தான் புடிச்சிருக்குன்னு வீடியோத் தம்பி சொன்னாரு, அதான் வீட்டு ஆளுங்க எல்லாரும் சேந்து இப்படி ஜோடிச்சோம்!”

தேயிலைக்குள்

இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே தேயிலைக்குள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பண்டாரவளையிலிருந்து வந்த ஒரு ஜோடியை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் மாப்பிள்ளைப் பையன் விடாப்பிடியாகப் பரோட்டாவும் மாட்டிறைச்சிக் கறியும் வாங்கிக் கொடுத்திருந்தான். மலையில் கொஞ்ச தூரம் ஏறியதுமே எனக்கு வியர்த்துவிட்டது. சுற்றிலும் தேயிலையைத் தவிர ஒரு சுவர் கிடையாது. “ரெண்டு பேரும் அந்த மலையையே பாருங்க, நான் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது” என்று சொல்லிவிட்டு, கமராவோடு கீழ்ப்பக்கம் பாய்ந்தேன்.

அங்கே ஒரு கூட்டம் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தே ஒரு அக்காவுக்கு விளங்கிவிட்டது. “ஏய், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி எடுங்கடி!” என்று ஒரு குரல் கொடுத்தார். அத்தனை பேரும் எனக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்தபடி மேலே ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கும் அந்த மலையில் கக்கூஸ் கிடையாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை. நான் தோட்டத்தில் பிறந்தவன். என் அம்மாவும் இப்படி ஒரு மலையில் கொழுந்தெடுத்தவர்தான். அவர் எப்படிச் சமாளித்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “வெக்கப்படாதீங்க தம்பி, எங்களுக்குத் தெனம் இதே பாடுதான்.”

கிளினிக் போகிற அழகு

வைத்தியம் பார்க்காமலா இருந்தேன் என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஆனால் கிளினிக்குக்குப் போக வேண்டியது பஸ்ஸில். பஸ்ஸில் மானம் போகக் கூடாது என்று முந்தின நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். காலையில் வயிற்றை இறுக்கிப் பிடிக்கிற மாத்திரை ஒன்று. பிறகு குளித்து, அயன் பண்ணின சட்டையைப் போட்டு, சென்ட்டும் அடித்துக்கொண்டு போய் வரிசையில் உட்காருவேன். டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தால் அது சாதுவாகக் கிடக்கும்.

இரத்தம் பார்த்தார்கள், மலம் பார்த்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் சரி. ஒரு நாளைக்கு எத்தனை தரம் போகிறீர்கள் என்று கேட்டால், பக்கத்தில் நர்ஸ் நிற்கிறாரே என்று, “கொஞ்சம் கூடத்தான் டொக்டர்” என்பேன். கல்யாணம் இல்லாத தவக்காலத்தில் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் ஒரு தடவை சொன்னேன். எங்கள் கோயில்களில் தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும், கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் எனக்கும் வெளிவேலை அநேகமாக இருக்காது. அதைக் கேட்டதும் அந்த டொக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலைப் பயம், மனசில் டென்ஷன் என்று அதற்கு மாத்திரை எழுதிவிட்டு, என் சட்டையை ஒரு தரம் பார்த்துச் சிரித்தார்: “உங்களப் பாத்தா வருத்தக்காரர் மாதிரியே இல்லயே, நீங்களே மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க!”

சாட்சி

தவக்காலத்தில் என் வயிறு அடங்குகிறது என்பது எங்கள் கோயில் உபதேசியார் காதுக்கும் போனது. அவர் நல்ல மனிதர், ஜெபக் கூட்டம் நடத்துகிறவர். இது மாத்திரை வேலை இல்லை, நோன்பின் வல்லமை என்றார். போன வருடம் ஈஸ்டர் அன்று சாயங்காலக் கூட்டத்தில் நான் எழுந்து, ஆண்டவர் சுகம் தந்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். நானும் அதை நம்பியிருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. டென்ஷன் மாத்திரை கேட்கவில்லை. பின்னே எது என்னைச் சுகப்படுத்தியிருக்கும்?

அன்று மத்தியானம் வீட்டில் புரியாணி. தவக்காலம் முழுக்கக் காய்ந்திருந்த நாக்கு, இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன், மைக்கைப் பிடித்தேன். “ஆண்டவர் என் வயிற்றை” என்று ஆரம்பித்தவன், மைக்கைப் பக்கத்திலிருந்தவர் மடியில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். பிள்ளைகள் சிரித்த சத்தம் கக்கூஸ் வரைக்கும் கேட்டது. கூட்டம் முடிந்த பிறகு உபதேசியார் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார்: “தவக்காலத்தோட உங்க விசுவாசமும் முடிஞ்சிருச்சா சேவியர்?”

கமராவுக்குப் பின்னால்

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை முடிந்த வாரம் ஸ்டெல்லா ஸ்டூடியோவுக்கு வந்தாள். கொழும்பில் வேலை செய்கிறவள், லீவில் வந்திருந்தாள். கல்யாணத்துக்குக் கோட் தைக்க அளவு கொடுத்துவிட்டாயா என்று கேட்டாள். எனக்கு எதற்குக் கோட், நான்தானே படம் எடுக்கப்போகிறேன் என்றேன். நாலு மாதமாக யோசித்து வைத்திருந்த தந்திரம் அது. கையில் கமரா இருந்தால் எந்த நேரத்திலும் நழுவிவிடலாம், போட்டோக்காரன் எங்கே போகிறான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறவன் நழுவ முடியாது. நடுக்கோயிலில் அவளை விட்டுவிட்டு நான் ஓடுவதையும், ஊரே அதைப் பார்ப்பதையும், நௌசாத்தின் வீடியோவில் அது பதிவதையும் நான் கனவிலேயே பார்த்திருக்கிறேன்.

“சித்தப்பா யாரையாவது கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுவோம்” என்றேன். நௌசாத் எதையோ எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டான். அப்பா சாகும்போது ஸ்டெல்லா பள்ளிக்கூடத்துச் சின்னப்பிள்ளை. அதற்குப் பிறகு கோயிலில் முதல் நன்மை வாங்கினது, படிப்பு, வேலை எல்லாவற்றுக்கும் அவள் கையைப் பிடித்துப் போனவன் நான்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபமாகவே கேட்டாள்: “நீ போயி கமராவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா, எனக்குன்னு முன்னாடி நிக்க யாருண்ணே இருக்கா?”

ஈஸ்டர் கேள்வி

அடுத்த கிளினிக் நாள் தவக்காலத்தில் விழுந்தது. வயிறு நன்றாக இருக்கிற நேரத்தில் போய் என்ன காட்ட என்று நழுவப் பார்த்தேன். ஸ்டெல்லா லீவு போட்டுவிட்டு வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள், கதவோடு நிற்காமல் உள்ளேயும் வந்தாள். புதிதாக வந்திருந்த டொக்டர் அம்மா, யாழ்ப்பாணத்துப் பேச்சு. நான் “கொஞ்சம் கூடத்தான் டொக்டர்” என்று தொடங்குவதற்குள் ஸ்டெல்லா எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். நான் பட்டினி கிடந்து கிளினிக் வருவது, முன்கூட்டியே மாத்திரை போடுவது, தாலியை விட்டுவிட்டு ஓடினது, எல்லாம். எனக்குக் காது சுட்டது. டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வீட்டைக் கூட்டித் துடைச்சுப்போட்டுக் கள்ளனைக் காட்டச் சொன்னால் நாங்கள் எங்க போய்ப் பிடிக்கிறது?” என்றார். பிறகு, வருடத்தில் எப்போதாவது முழுக்க நன்றாக இருந்தது உண்டா என்று கேட்டார்.

தவக்காலத்தில், என்றேன். அப்போது எனக்கு வேலை இல்லை, டென்ஷனும் இல்லை என்பதையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் அதோடு விடவில்லை. தவக்காலத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்றார். இறைச்சி கிடையாது, பொரியல் கிடையாது, ரொட்டியும் கஞ்சியும் பருப்பும்தான் என்றேன். “ஈஸ்டர் அண்டைக்கு உங்களுக்குக் கலியாண வேலை இருக்கிறதோ?” இல்லை, அன்று லீவு. “அண்டைக்கு என்ன சாப்பாடு?” புரியாணி. “அப்ப வயிறு?” நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன், அவள் சாட்சிக் கதையைச் சொன்னாள். வேலை இல்லாமல், கொழுப்புச் சாப்பாடு மட்டும் இருந்த ஒரு நாள் அது. ஒரு வருடமாக அந்த நாள் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

அடுத்து, வயிற்றில் ஏதாவது ஒப்பரேஷன் செய்தீர்களா என்று கேட்டார். சட்டையைத் தூக்கிப் பழைய தழும்புகளைக் காட்டினேன். ஈரல் பித்தநீரைச் சுரக்குமாம், பித்தப்பை அதைச் சேர்த்து வைத்துச் சாப்பிடும்போது விடுமாம். பை இல்லாதவர்களுக்கு அது எந்நேரமும் ஒழுகிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, குடல் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சிலருக்கு மட்டும் மிஞ்சினது பெருங்குடலுக்குள் இறங்கித் தண்ணீரை இழுத்துப் பேதியாக்கிவிடும், கொழுப்பு கூடினால் இன்னும் மோசம். இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டில் ஒரு விசேஷமான ஸ்கேன் இருக்கிறதாம். இங்கே அந்த வசதி இல்லாததால் பித்தநீரைப் பிடித்துக்கொள்கிற ஒரு தூள் எழுதினார். அது கேட்டால் நோய் இதுதான். நான் எழுந்திருக்கும்போது சொன்னார்: “உங்கட வயிறு கமராவுக்குப் பயப்படேல்லை, நீங்கள்தான் வெட்கத்துக்குப் பயந்து இவ்வளவு காலமும் கிடந்திருக்கிறியள்.”

நோன்பு துறக்கும் நேரம்

அந்தத் தூளைப் பதுளையில் கடை கடையாகத் தேடினோம், கிடைக்கவில்லை. நௌசாத் கண்டிக்குப் போய் வாங்கிவந்தான். தண்ணீரில் கலக்கினால் கரையாது, மணலைக் குடிக்கிற மாதிரி இருக்கும். வேறு மாத்திரை போடுகிறவர்கள் அதையும் இதையும் சேர்த்துப் போடக் கூடாதாம், நடுவில் சில மணி நேரம் விட வேண்டுமாம். அதெல்லாம் பரவாயில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கஞ்சியைக் குடித்துக்கொண்டே தூளையும் குடித்தால் கேட்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? வழக்கமாகச் சாப்பிடுகிறதைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கும் தெரிந்தாக வேண்டும். ஆனால் தவக்காலத்தில் இறைச்சி சாப்பிடுகிறதென்றால், வைத்தியத்துக்குத்தான் என்று பாதரிடம் போய்ச் சொல்ல வேண்டும். என் வயிற்றுக் கதையைப் பாதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த வருடம் நௌசாத்துக்கும் நோன்பு, எனக்கும் நோன்பு. அவன் உம்மா நோன்பு துறக்க ஸ்டூடியோவுக்கு அனுப்புகிற சாப்பாட்டோடு எனக்கும் ஒரு புரியாணிப் பார்சல் வைத்து அனுப்பினார். பள்ளிவாசலில் வாங்கு சொன்னதும் அவன் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான். நான் சிலுவை போட்டுக்கொண்டு கோழித் துண்டைக் கடித்தேன். சாப்பிட்டு முடித்துக் கக்கூஸ் கதவுக்கு நேராக ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வழக்கமாகக் கலக்குகிற நேரம் வந்தது, போனது. ஒன்றுமில்லை. நௌசாத் தொழுதுவிட்டு வந்தான், அப்போதும் ஒன்றுமில்லை. நான் எழுந்து போய் வேலை எதுவும் இல்லாமலே கக்கூஸுக்குள் நின்று அழுதேன். முகம் கழுவிவிட்டு வெளியே வந்தால், பாஸ்போர்ட் படம் எடுக்க உபதேசியார் மாடிப்படி ஏறி வந்து நிற்கிறார். மேசையில் என் பார்சல், அதில் எலும்பு. அவர் எலும்பைப் பார்த்தார், நௌசாத்தின் தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: “நோன்பு துறக்கிறதுன்னா எங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத் துறக்கக் கூடாதா சேவியர்?”

வாசலிலிருந்து பீடம் வரை

தூள் கேட்டது என்றால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வயிறு ஊதும். நெய்ச்சோற்றை இப்போதும் தூரத்தில்தான் வைக்கிறேன். பரிமாற வருகிறவர்களிடம், எனக்குப் பித்தநீர்ப் பேதி, இது ஒத்துக்காது என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போது இன்னும் குரல் தணிந்துதான் வருகிறது. வயிறு அடங்கினாலும் பயம் அடங்குகிறதில்லை. ஸ்டெல்லாவின் கல்யாணத்தன்று கோட்டைப் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நிற்கும்போது, பக்கக் கதவு எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடியது.

பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து திரும்பினார்கள். நௌசாத் ஒரு கையில் கமராவும் கழுத்தில் இன்னொன்றுமாக எங்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி எடுத்துக்கொண்டிருந்தான். ஸ்டெல்லாவின் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது. பாதித் தூரம் வந்திருப்போம், என் வயிறு உருண்டது. பசியோ பயமோ தெரியவில்லை, கால் நின்றுவிட்டது. பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் நடுக்கோயிலில் நிற்கிறோம், முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அவமானத்தில் எனக்குக் கண் இருட்டியது. ஸ்டெல்லா முகத்திரைக்குள்ளிருந்து என் பக்கம் சாய்ந்து, என் கையை விடாமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “ஓடணும்னா ஓடுண்ணே. நீ திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்கனயே நிக்கிறேன், எவ்வளவு நேரமானாலும்.”

கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய் எல்லோரையும் “அசையாம நில்லுங்க” என்று அதட்டிச் சம்பாதிக்கிற எனக்கு, ஓடலாம் என்று ஒருத்தி சொன்ன பிறகுதான் ஓடாமல் அவளோடு பீடம் வரை போய் நிற்க வந்தது.